‘தொடரும்’ போட்ட பிள்ளைகள்

போன மாதம் சிங்காநல்லூரில் இளம் எழுத்தாளர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. என்னையும் மேடையில் உட்கார வைத்து, கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, ‘மூத்த எழுத்தாளர்’ என்றார்கள். எழுதுவதை நிறுத்தியபின் கிடைக்கிற பட்டம் அது. கேள்வி நேரத்தில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள்.

“அம்மா, புள்ளை தூங்கினதுக்கப்புறம் எழுதலாம்னு உக்காந்தா ஒரு வரி வரமாட்டேங்குதுங்க. நீங்க ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு எப்படீங்க வாரா வாரம் எழுதுனீங்க?”

“தூங்கறப்ப எழுதாத கண்ணு. முழிச்சிருக்கறப்ப எழுது” என்றேன்.

கூடமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆனால் மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும். அதனால் அந்தப் பெண்ணுக்கு இதை எழுதுகிறேன். சிரித்தவர்களும் படிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் வாரத் தொடர்கதை எழுதி ஓய்வு பெற்றவள். இந்த வேலைக்குப் பென்ஷனும் கிடையாது, வழியனுப்பு விழாவும் கிடையாது. பத்திரிகை நின்றது, நானும் நின்றேன். பிறந்தது கொடுமுடி, வாழ்க்கைப்பட்டு வந்தது சிங்காநல்லூர். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கோபி. இங்கே மோட்டார் பம்பு செய்கிற ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். துணுக்கு எழுதினேன், சமையல் குறிப்பு எழுதினேன், சிறுகதைகள் எழுதினேன். போனவற்றில் முக்கால்வாசி திரும்பி வந்தன. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு வார இதழ் எனக்குத் தொடர்கதை கொடுத்தது. அப்போது மகள் நித்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மகன் கார்த்தி நடக்கப் பழகி, அதன்பின் நடக்கவே இல்லை, ஓட்டம்தான்.

அந்த இதழின் ஆசிரியர் ஆறுமுகம். டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் மாடியில் ஆபீஸ். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா. டீ கொண்டு வருகிறவரிலிருந்து விளம்பரம் கொடுக்கும் முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு ‘ங்க’தான் போடுவார். ‘இது நல்லாருக்குதுங்க அம்மணி, ஆனா வேண்டாமுங்க’ என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மாடிப்படி இறங்கி, பஸ் ஏறி, டிக்கெட் வாங்கிய பிறகுதான் நம்மைத் துரத்திவிட்டார் என்பது உறைக்கும்.

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். ஓவியர் அதைப் படித்துப் படம் போட வேண்டும், பிறகு கம்போசிங், அச்சு, வெள்ளிக்கிழமை ஈரோட்டுக்கும் கோபிக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ்சில் பார்சல். நாம் உள்ளே நுழைந்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். வெறுங்கையோடு போனால் நாற்காலி கிடையாது. “கதையப் பத்திப் பேச வராதீங்க, கதையோட வாங்க” என்பார். தாளை வாங்கியதும் ஜன்னலோரம் நின்று, பஞ்சாயத்து நோட்டீஸ் வாசிக்கிற குரலில் உரக்க வாசிப்பார். ஏற்ற இறக்கமே இருக்காது. கேட்டால், “உணர்ச்சி கதையில இருக்கோணும், என்ற குரல்ல எதுக்குங்க?” என்பார். வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி டீ கேட்டார் என்றால் அந்தப் பக்கம் செத்தது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று. ‘தொடரும்’ என்ற சொல்லை எழுத்தாளர் எழுதக்கூடாது. எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டிச் சிவப்புப் பேனாவால் அவர்தான் போடுவார். எல்லோரும் கொஞ்சம் கூடுதலாக எழுதிக் கொடுப்பார்கள், மிச்சம் அடுத்த வாரத்துக்குப் போகும். ஒரு வாரம் தவறினால் கதையை ஆபீசிலேயே முடித்துவிடுவார்கள், அந்த ஆளுக்கு மறு தொடர் கிடையாது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் விட்டுவிட்டார். அடுத்த இதழில் அவருடைய கதாநாயகன் பம்பாய்க்கு பஸ் ஏறிப் போய்விட்டான். காதலியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, பாவம்.

இப்படிப்பட்டவருக்கு வாரா வாரம் எழுத வேண்டும், வீட்டிலோ இரண்டு வாண்டுகள். எனக்குத் தனி அறையா இருந்தது? புழக்கடையில் துவைக்கிற கல் ஒன்று. அதில் பலகையைப் போட்டு, கிணற்றடியையும் நடையையும் ஒரே பார்வையில் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். சோறு வெந்துகொண்டிருக்கும், அவர்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், நான் எழுதிக்கொண்டிருப்பேன். கடவுளே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டாத நாள் கிடையாது. அந்த வேண்டுதல் பின்னால் பலித்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. அண்ணன் தம்பி சொத்துச் சண்டை எழுத நான் கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. நித்யாவிடம் வாசனை ரப்பர் ஒன்று இருந்தது. கார்த்தி அதைத் தின்னப் பார்த்தான். அவள் பிடுங்க, அவன் அழ, நான் ரப்பரை பிளேடால் இரண்டாக வெட்டிக் கொடுத்தேன். இரண்டு பேரும் அழுதார்கள். “எனக்கு முழுசு வேண்டாம். அவனுக்கு இருக்கக்கூடாது” என்றாள் நித்யா. அந்த வாரம் என் கதையில் ஒரு பெரியகவுண்டர், கிணற்றுப் பங்கு பிரிக்கிற பஞ்சாயத்தில் அப்படியே இதைச் சொன்னார். கோபியிலிருந்து ஒரு விவசாயி ஆபீசுக்கே வந்துவிட்டார். “எங்கூட்டுப் பேச்ச அந்தம்மாளுக்கு யாருங்க சொன்னது?” என்று கேட்டாராம். சொன்னவளுக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

அந்தத் தொடரின் நடுவில் ஒருநாள் ஆசிரியர் வாசித்து முடித்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, நான் நிறுத்திய இடத்திலேயே ‘தொடரும்’ போட்டார். பேனாவை மூடிவிட்டு, “ஏனுங்க அம்மணி, எங்க நிறுத்தோணும்னு உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது? நான் இன்னும் ஒருக்காக்கூட வெட்டுலீங்க” என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. நான் அடக்கமாக, “தானா வருதுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தானாகவா வந்தது? உண்மையில் நடந்தது இதுதான். எழுதிக்கொண்டே இருப்பேன். கிணற்றடியிலிருந்தோ நடையிலிருந்தோ “அம்மா!” என்று ஒரு சத்தம் வரும். விழுந்திருப்பான், அல்லது தள்ளியிருப்பாள். பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். திரும்பி வந்து பார்த்தால் கதாநாயகி வாசற்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருப்பாள். இவள் உள்ளே போவாளா மாட்டாளா என்று எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருக்கும். பக்கமும் ஏறக்குறைய நிறைந்திருக்கும். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துக் கொடுத்துவிடுவேன். அதைத்தான் அவர் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அன்றைக்கு இது விளங்கவில்லை. சனியன்கள் எழுத விடுகிறதா என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தொடர் கொடுத்தார். மரகதம் என்று ஒரு கொடுமுடிப் பெண். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்து போனவள், பல வருஷம் கழித்துக் கையில் குழந்தையோடு அண்ணன் வீட்டுத் தெருவுக்குத் திரும்பி வருகிறாள். அவள் தெருமுனைக்கு வந்து சேர்ந்த வாரம், நித்யாவுக்கு அம்மை போட்டது.

அம்மை போட்ட வீட்டின் முறை இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். கேட்டில் வேப்பிலைக் கொத்துக் கட்டிவிட்டால் வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர்கள் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. தாளிக்கக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட வெளியே போகக்கூடாது. என் வீட்டுக்காரர் சாமி, சகுனம் என்று பார்க்கிற ஆள் இல்லை. ஆயுத பூஜைக்குக்கூட மிஷினைத் துடைத்துவிட்டு வந்துவிடுவார். ஆனால் அம்மை விஷயத்தில் அசைய மாட்டார். கோபியில் அவருக்கு ஒரு தங்கை இருந்தது. சின்ன வயதில் அம்மையில் போய்விட்டது. அந்தத் தங்கையின் பெயரை அவர் வாயால் நான் கேட்டது இரண்டொரு தடவைதான்.

பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நித்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே கார்த்திக்குப் போட்டது, அதுவும் கடுமையாக. நாலு வயசுப் பிள்ளை. அழக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். தெருக்கோடி டாக்டர் காலையிலேயே வந்து பார்த்தார். அவரை மட்டும் உள்ளே விட்டார் இவர். “பயப்படாதீங்க. ஆனா தண்ணி குடிக்கோணும். சாயங்காலம் வரைக்கும் குடிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க” என்றார் டாக்டர். அன்று செவ்வாய்க்கிழமை.

கையில் முன்கூட்டி எழுதி வைத்திருந்த அத்தியாயமும் போன வாரமே, வேப்பிலை கட்டுவதற்கு முன்னால் போய்விட்டது. திங்கட்கிழமையே இவர், “புள்ளைகள நான் பாத்துக்கறேன். நீ போய் எழுது. ஆனா தாளு வெளிய போகக்கூடாது, சொல்லிப்போட்டேன்” என்றிருந்தார். கல்யாணமாகி வந்து அப்படி ஒரு வார்த்தையை அன்றுதான் கேட்டேன். போய்க் கல்லில் உட்கார்ந்தேன். கிணற்றடியில் சத்தம் இல்லை. நடையில் சத்தம் இல்லை. இத்தனை வருஷம் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஒரு வரி வரவில்லை.

கவலையால் வரவில்லை என்று சொல்வீர்கள். கவலை இல்லாமலா? நெஞ்சு முழுக்க அதுதான். ஆனால் காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டும் நான் முன்னே எழுதியிருக்கிறேன். அன்று வந்தது வேறு. மரகதம் தெருமுனையில் நின்றாள். கூப்பிட யாரும் இல்லாததால் அவளை எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை, எங்கே கொண்டுபோவது என்றும் தெரியவில்லை. சத்தம் அடங்கினால் கதை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த அமைதி என்னைப் பிடித்துத் தின்றது.

எதிர்வீட்டு ராசாத்தி அக்கா ரோட்டிலிருந்தபடியே என்ன ஏது என்று கேட்பாள். செவ்வாய் காலை டாக்டர் போனதும் அவளிடம் ஆபீஸ் நம்பரைச் சொல்லி, போன் பூத்திலிருந்து பேசச் சொன்னேன். “வீட்டுல அம்மைங்க, இந்த வாரம் தாளு வராதுங்க, கதைய அவிங்களே முடிச்சுக்கட்டும்னு சொல்லீருங்க அக்கா.” மரகதத்தை எந்த பஸ்சில் ஏற்றி அனுப்புவார்களோ என்று நினைத்து அழுதேன். என் பிழைப்பும் அதே பஸ்சில்தான் போகப்போகிறது என்றும் தெரியும்.

அக்கா போன் பேசிவிட்டு வந்தாள். “அவுரு பூராத்தையும் கேட்டுப்போட்டு, தாளு வரக்கூடாது செரிங்க, பேச்சு வரலாமுங்களான்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலைடி அம்மணி. வரலாமுங்கன்னுட்டேன்.”

பத்து மணி வெயிலில் ஆசிரியர் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மாடியை விட்டு இறங்கி எழுத்தாளர் வீட்டுக்கு அவர் போனதாகச் சரித்திரமே கிடையாது. வேப்பிலைக் கொத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ரோட்டோரம் விட்டார். கக்கத்தில் ஓர் அட்டை, அதில் தாள்.

அத்தியாயம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் அவர் முன்னால் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லையே! கல்லில் கிடந்த வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு உள்ளே, கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“கொழந்தைகளுக்கு எப்படி இருக்குதுங்க?”

“பெரியவளுக்குப் பரவாயில்லீங்க. சின்னவன் தண்ணி குடிக்க மாட்டீங்கறானுங்க.”

“மாரியாத்தா பாத்துக்குவாளுங்க.” கக்கத்து அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “தாளு உங்க கையிலயே இருக்கட்டுங்க. நீங்க வாசியுங்க, நான் எழுதிக்கறேன். ஓவியர் கேட்டுட்டு உக்காந்திருக்காருங்க, அண்ணன் கதவத் தொறப்பானா மாட்டானான்னு” என்றார்.

அந்தத் தார் ரோட்டில் வெறுங்காலோடு, ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்துவிட்டார் மனுஷன். இல்லை என்று எப்படிச் சொல்ல? தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வாயைத் திறந்தேன்.

“மரகதம் தெருமுனையில் நின்றாள். வெயிலில் அவளுடைய கால் சுட்டது…”

கண்ணெதிரே இருந்ததைச் சொன்னேன். பிறகு அடுத்த வரி வந்தது. ரோட்டில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார், மரகதத்தின் தெருவிலும் ஒருவர் போனார். ராசாத்தி அக்கா வாசலில் நின்று பார்த்தாள், மரகதத்தையும் ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டு உள்ளே ஓடினாள். ஆசிரியர் தலை நிமிராமல் எழுதினார். இடையிடையே “உம்” என்றார். நான் சும்மாவும் நிற்கவில்லை, பக்கம் முடிந்த மாதிரி தாளைத் திருப்பவும் செய்தேன். ஜன்னல் வழியே என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் வெறும் தாள் என்று அவருக்குத் தெரியும்.

மரகதம் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் தட்டினாள். திறப்பானா? எனக்கே தெரியாது. “உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தம். தாழ்ப்பாளில் ஒரு கை விழுந்தது…” என்றேன்.

“அம்மா… தண்ணி…”

கார்த்தியின் குரல். வறண்டு, உடைந்து, ஆனால் அவன் குரல். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது. ஓடினேன். இவர் அதற்குள் டம்ளரைப் பிள்ளையின் வாயில் வைத்திருந்தார், பாதித் தண்ணீர் பாயில் கொட்டிக்கொண்டிருந்தது. வாங்கி நான் புகட்டினேன். குடித்தான். இன்னும் வேண்டும் என்றான். மறுபடியும் குடித்தான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “எந்தங்கச்சி கேக்கவே இல்ல புள்ள… தண்ணின்னு ஒருக்காக்கூடக் கேக்கவே இல்ல” என்று சொல்லி, அந்த ஆள் விம்மி அழுதார். நானும் அழுதேன். என்ன ஏதென்று தெரியாமல் நித்யாவும் கூட அழுதாள்.

ஆசிரியர் நினைவு வந்து திரும்பியபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“தண்ணி குடிச்சுட்டானுங்க!”

“கேட்டுதுங்க” என்றார். முகம் மலர்ந்திருந்தது.

“மிச்சத்தை…” என்று தாளைத் தூக்கினேன்.

“மிச்சம் வேண்டாமுங்க.” அட்டையைத் திருப்பிக் காட்டினார். ‘தாழ்ப்பாளில் ஒரு கை விழுந்தது’ என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் ‘தொடரும்’ என்று எழுதி, அது காய்ந்தும் போயிருந்தது. “எங்க நிறுத்தோணும்னு யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு ஒருக்காக் கேட்டேனுங்க, ஞாபகமிருக்குதுங்களா? இன்னிக்குத்தான் நானும் கேட்டேன் அம்மணி, என்ற காதால.”

தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செருப்பை மாட்டினார். நாலு எட்டுப் போய்விட்டு, ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பி நின்றார்.

“அடுத்த செவ்வாக்கெழமையும் நானே வாரேனுங்க. அந்த வெள்ளத்தாளப் புடிச்சுட்டுச் சிரமப்படாதீங்க, வெய்யல் எதிர்ல இருக்கறப்ப அக்கட்டப் பக்கம் எழுத்தே இல்லைன்னு தெரியுதுங்க. வெறுங்கையோடவே வாங்க.”